வலுவும் நெகிழ்வும்



‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பது நம் நாட்டுப் பழமொழி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் நான். இப்பழமொழியை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. நல்ல பழக்கங்கள் இளமையிலேயே படிய வேண்டும் என்ற கருத்தில் அதைச் சொன்னேன். அக்கருத்தில் இன்றும் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் ஓய்வு பெற்ற பின், அப்பழமொழியைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டு மனித உடம்பைப் பற்றி எண்ணிப் பார்க்கும் நிலை எனக்கு ஏற்பட்டது. ஐம்பதில் உடம்பு வளையுமா? வலுப்பெறுமா? உழைத்து உரமேறிய உடம்புக்கும் பயிற்சி வேண்டுமா? இவ்வினாக்களுக்கு இயன்முறை மருத்துவம் கூறும் விடையை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

நான் வாழ்வது காட்டூர்ப் பகுதியில். பழவேற்காட்டு ஏரிக்கரையின் மீனவர் ஊர்கள் எங்களுக்கு அண்டை. ஏரி என்று பெயரேயன்றி, அது கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் காயல். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் அதுவே. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பரந்து கிடக்கிறது. ஆழம் குறைவு. பல இடங்களில் நீரில் நின்றபடியே மீன் பிடிக்கலாம். ஆதலின் இங்கே உழைப்பு பெரும்பாலும் கையாலும் முதுகாலும் நடைபெறுகிறது. ஆடவர் கழி ஊன்றிப் படகு தள்ளுகின்றனர், வலை இழுக்கின்றனர், மீன்கூடை தூக்குகின்றனர். பெண்கள் பலர் நீருக்குள் குனிந்தும் தவழ்ந்தும் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கின்றனர். பிடித்ததைப் போடுவதற்குப் பனையோலையால் முடைந்த கூடையைப் பல்லால் கவ்விக்கொள்வதும் உண்டு.

இவ்வூர்களில் ஒன்றில் என் பழைய மாணவர் ஒருவர் இருக்கிறார். வயது நாற்பத்தெட்டு. தோளும் கையும் தேக்கு மரம் போன்றவை. ஒரு நாள் கடைத்தெருவில் அவரைக் கண்டேன். இடுப்பில் கை வைத்து, சற்றுச் சாய்ந்து நடந்து வந்தார். மூன்று வாரமாக ஏரிக்குச் செல்லவில்லை என்றார். பழவேற்காட்டில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. இன்ன இடத்தில் இன்னார் இன்ன நாளில் வலையிடலாம் என்று மீனவர் தம்முள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் நெடுநாள் வழக்கம் அது. தமக்குரிய முறை வந்தும், முதுகு வலியால் போக இயலாமல் வீட்டில் கிடந்திருக்கிறார். வலிக்கு எண்ணெயும் மாத்திரையும் ஆயின. வலி மட்டும் போகவில்லை.

“இயன்முறை மருத்துவரிடம் காட்டலாமே, பயிற்சி சொல்லித் தருவார்கள்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “என்ன சார், தினம் வலை இழுக்கிறவனுக்கு எக்சர்சைசா? அதெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறவங்களுக்கு” என்றார்.

எனக்கு உடனே மறுமொழி தோன்றவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. உழைப்பு உடற்பயிற்சி ஆகுமா என்பதுதான் அக்கேள்வியின் உள்ளுறை. அதற்கு விடை காண, முதலில் தசையின் இயல்பை அறிய வேண்டும்.

நம் உடம்பில் அறுநூறுக்கு மேற்பட்ட தசைகள் உள்ளன. எலும்பை அசைக்கும் தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவேதான் அவை எதிரெதிராக அமைந்துள்ளன. முழங்கையை மடக்குவது மேற்கையின் முன்புறத் தசை. நீட்டுவது பின்புறத் தசை. ஒன்று சுருங்கும்போது மற்றொன்று விட்டுக்கொடுத்து நீள வேண்டும். ஒரு கதவுக்கு இருபுறமும் கயிறு கட்டி இருவர் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் கயிற்றைத் தளர்த்தாவிட்டால் கதவு அசையாது. இழுக்கும் ஆற்றலே வலு. தளர்ந்து இடம் கொடுக்கும் ஆற்றலே நெகிழ்வு. கதவு செவ்வனே திறக்க இரண்டும் வேண்டும்.

தசை எவ்வாறு சுருங்குகிறது? தசைநார் ஒவ்வொன்றினுள்ளும் ஆக்டின், மயோசின் என்னும் இருவகை நுண்ணிழைகள் அடுக்கடுக்காக உள்ளன. சுருங்கும்போது இவ்விழைகள் குறுகுவதில்லை; ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. இதனை 1954-ஆம் ஆண்டில் இரு ஆராய்ச்சிக் குழுவினர் தனித்தனியே கண்டு ஒரே காலத்தில் வெளியிட்டனர். விரித்த இரண்டு கைகளின் விரல்களை எதிரெதிராக வைத்து, ஒன்றன் இடையே ஒன்றைச் செலுத்திப் பாருங்கள், செய்தி விளங்கும்.

இனி, வலு எவ்வாறு வளர்கிறது என்று காண்போம். பழங்காலக் கிரேக்க நாட்டில் மைலோ என்னும் மல்லனைப் பற்றி ஒரு கதை வழங்கியது. அவன் ஒரு கன்றுக்குட்டியை நாள்தோறும் தூக்கிச் சுமந்தானாம். கன்று வளர வளர அவன் வலுவும் வளர்ந்தது. இறுதியில் முழுக் காளையையே சுமந்தானாம். கதைதான், எனினும் அதில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. உடம்பு வழக்கமாகத் தாங்குவதைவிடச் சற்றுக் கூடுதலான சுமையை, படிப்படியாகக் கொடுத்தால் தசை வளரும்.

இவ்வுண்மையை மருத்துவத்தில் முறைப்படுத்தியவர் தாமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்க மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்கள் மருத்துவமனைகளில் நெடுநாள் படுத்துக் கிடந்தனர். அவர்களுடைய கால்கள் மெலிந்தன. மெலிந்த தசைக்கு மெல்லிய பயிற்சியே ஏற்றது என்பது அந்நாளைய கொள்கை. சிகாகோ நகரின் ராணுவ மருத்துவமனையில் பணிபுரிந்த டிலோர்ம் அதற்கு மாறாகச் செய்தார். ஒருவர் பத்து முறை மட்டுமே தூக்கக்கூடிய எடை எவ்வளவு என்று முதலில் கண்டறிந்தார். அவ்வெடையை எட்டும்வரை எடையைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு சுற்றிலும் பத்து முறை தூக்கச் செய்தார். வலு கூடக் கூட எடையையும் கூட்டினார். 1945-இல் அவர் வெளியிட்ட கட்டுரை மருத்துவ உலகின் கருத்தை மாற்றியது. படியேறும் சுமைப் பயிற்சி இன்று உலகெங்கும் இயன்முறை மருத்துவத்தின் அடிப்படைகளுள் ஒன்று.

பயிற்சி தொடங்கிய முதற்சில வாரங்களில் தசை பருப்பதில்லை. ஆயினும் வலு கூடுகிறது. காரணம், தசைநார்களை ஒருங்கே பணிக்கு அழைக்க நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது. அதன்பின்னரே தசை தடிக்கிறது. முதல் மாதத்தில் கண்ணாடியில் மாற்றம் காணாமல் பயிற்சியை விட்டுவிடும் இளைஞர்கள் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

நெகிழ்வின் இயல்பும் இத்தகையதே. தசைக்குள் நீட்சியை அளக்கும் நுண்ணிய உணர்வுறுப்புகள் உள்ளன. தசையை வெடுக்கென்று இழுத்தால், அது கிழியாமல் காக்கும்பொருட்டு நரம்பு மண்டலம் அதனைச் சுருங்கச் செய்கிறது. மெல்ல நீட்டி அரை நிமிடம் அப்படியே நிறுத்தினால் அத்தடை தளர்கிறது. சில வாரப் பயிற்சியில் பெருகும் நெகிழ்வுக்குப் பெருங்காரணம், முன்பு வலியென்று உணர்ந்த நீட்சியைப் பொறுத்துக்கொள்ள நரம்பு மண்டலம் பழகுவதேயாம். ஆகவே துள்ளித் துள்ளிக் காலைத் தொடுவதைவிட மெல்ல நீட்டுவதே நன்று. பொறுமையே பயன் தரும்.

வலுவும் நெகிழ்வும் கைகோத்துச் செல்ல வேண்டும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. 1940-களின் இறுதியில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களுக்குக் கையைச் சீர்ப்படுத்தும் அறுவையைத் தொடங்கினார். செயலிழந்த தசையின் வேலையைச் செய்ய, நல்ல தசையொன்றன் நாணை இடம் மாற்றித் தைப்பது அம்முறை. ஆனால் மூட்டுகள் இறுகிய கையில் எத்தனை வலிய தசையைப் பொருத்தினாலும் விரல் நிமிராது. எனவே அறுவைக்கு முன் எண்ணெய் தடவி நீவி விரல்களை நெகிழச் செய்தனர். அறுவைக்குப் பின், இடம் மாறிய தசைக்கு அதன் புதிய வேலையைக் கற்பித்து வலுவூட்டினர். கத்திக்கு முன்னும் பின்னும் பயிற்சியே நின்றது.

அதே நிறுவனத்தில் மேரி வர்கீஸ் என்னும் இளம் மருத்துவர் 1954-இல் நேர்ந்த ஊர்தி விபத்தில் தண்டுவடம் சிதைந்து கால்களின் இயக்கத்தை இழந்தார். அவர் சோர்ந்து அமரவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. எஞ்சிய தசைகளுக்கு வலுவூட்டினால் இழந்த வாழ்வின் பெரும்பகுதியை மீட்கலாம் என்பதற்கு அவர் வாழ்வே எடுத்துக்காட்டாயிற்று.

இப்பொழுது என் மாணவரின் கேள்விக்குத் திரும்புவோம். ஒருவாறு வற்புறுத்தி அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அவர் மனைவியும் உடன் வந்தார். இயன்முறை மருத்துவர் ஓர் இளம்பெண். நோயாளியை மல்லாந்து படுக்கச் செய்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலைத் தூக்கச் சொன்னார். கால் பாதி உயரத்தில் நின்றுவிட்டது. பிறகு முழங்கால்களை மடக்கி, பாதத்தை ஊன்றி, இடுப்பை மேலே உயர்த்தச் சொன்னார். காளை போன்ற அம்மனிதரின் இடுப்பு சில நொடிகளில் நடுங்கத் தொடங்கியது. அவருக்கே அது வியப்பாக இருந்தது.

“அண்ணா, உங்க கையும் முதுகும் நாளெல்லாம் வேலை செய்யுது. பின்தொடை இறுகிப்போச்சு, பிட்டத் தசையும் வயிற்றுத் தசையும் வேலையையே மறந்துபோச்சு. அவங்க செய்ய வேண்டியதையும் முதுகே செய்யுது, அதுதான் வலிக்குது” என்று அந்த அம்மையார் விளக்கினார்.

நான் ஆசிரியனல்லவா? அதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். 20 கிலோ மீன்கூடையை, முதுகெலும்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி, குனிந்து தூக்குவதாகக் கொள்வோம். முதுகுத் தசை, முதுகெலும்புக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் பின்னால் நின்று இழுக்கிறது. நெம்புகோல் விதிப்படி, 20-ஐ 50-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால், அத்தசை இழுக்க வேண்டிய விசை 200 கிலோ எடைக்குச் சமம். குனிந்த உடம்பின் எடை இதில் சேரவில்லை. இடுப்பு மூட்டிலும் முழங்காலிலும் மடங்கி, கூடையை 25 சென்டிமீட்டர் அளவுக்கு உடம்போடு அணைத்துத் தூக்கினால் விசை 100 கிலோவாகக் குறைகிறது. கூடை அதே கூடை, பாரம் பாதியாயிற்று. ஆனால் அவ்வாறு மடங்குவதற்குப் பின்தொடை நெகிழ்ந்திருக்க வேண்டும். எழுவதற்குத் தொடையும் பிட்டமும் வலுவுற்றிருக்க வேண்டும்.

உழைப்பு உடற்பயிற்சி ஆகாமற்போவதன் காரணம் இங்கே தெளிவாகிறது. உழைப்பு ஒரே அசைவை ஆயிரம் முறை செய்விக்கிறது. சில தசைகளை ஓயாது வாட்டி, சிலவற்றை உறங்க வைக்கிறது. களைத்த தசைக்கு ஓய்வும் கொடுப்பதில்லை. பயிற்சியோ, வேண்டிய தசைக்கு வேண்டிய அளவு சுமை தந்து, பிறகு ஓய்வும் தருகிறது. உழைப்பால் நன்மையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஜெர்மி மோரிஸ் என்பார் 1953-இல் வெளியிட்ட ஆய்வில், லண்டன் மாடிப்பேருந்துகளில் அமர்ந்தே ஓட்டிய ஓட்டுநரைவிட, படியேறி இறங்கிய நடத்துநருக்கு இதயநோய் குறைவாக இருந்ததைக் காட்டினார். ஆனால் அண்மை ஆண்டுகளில் டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் வேறொன்றைச் சுட்டியுள்ளனர். ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் பயிற்சி தரும் நன்மையை, நாளெல்லாம் ஓய்வின்றிச் செய்யும் கடும் உடலுழைப்பு தருவதில்லை என்பதே அது. உழைப்பாளிக்குப் பயிற்சி வேண்டாம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அவருக்கே அது மிகவும் தேவை.

மருத்துவர் மூன்று பயிற்சிகளை எழுதிக் கொடுத்து, நாங்கள் எழுந்து புறப்படும் வேளையில், என் மாணவரின் மனைவி தயங்கியபடி கேட்டார்: “எனக்கு ஒண்ணும் இல்லையாம்மா? கழுத்தைத் திருப்ப முடியல, ரெண்டு வருசமாச்சு.”

அறையில் சற்று நேரம் பேச்சில்லை. பாதி நாள் நீரில் குனிந்து, பல்லால் கூடையைக் கவ்வி இறால் தேடுபவர் அவர். கணவரின் முதுகைப் பற்றி ஒரு வாரமாகப் பேசிய நான், அந்த அம்மையாரின் கழுத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. மருத்துவர் அவரை அமரச் செய்து சோதித்தார். முகவாயைப் பின்னுக்கு இழுத்துக் கழுத்தை நேராக்குதல், தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் நெருக்குதல், கதவு நிலையில் முன்கைகளை ஊன்றி மார்பை விரித்தல் ஆகிய பயிற்சிகளைக் கற்பித்தார். நீரில் அரை மணிக்கு ஒரு முறை நிமிர்ந்து நின்று உடம்பைப் பின்னால் சாய்க்கவும் சொன்னார்.

மூன்று திங்கள் கழிந்தன. வலி முற்றும் ஒழிந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் என் மாணவர் மீண்டும் தம் பாட்டுக்குச் செல்கிறார். கூடை தூக்குமுன் படகின் விளிம்பில் காலை நீட்டி நின்று பின்தொடையை நெகிழ்த்துகிறார். அவர் மனைவி இப்போது என்னை அழைப்பதற்குத் தலையை மட்டுமே திருப்புகிறார். முன்பு உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டியிருந்தது. ஐம்பதை நெருங்கியவர் வளைந்தார். அது மட்டுமன்று. 1990-இல் பாஸ்டன் நகரில், தொண்ணூறு வயதை ஒட்டிய முதியோர் பத்துப் பேருக்கு எட்டு வாரம் சுமைப்பயிற்சி அளித்தனர். அவர்தம் தொடைவலு சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்ததாக அவ்வாய்வு கூறியது.

மாணவர்களே, நீங்கள் வலை இழுப்பவர் அல்லர். ஆயினும் உங்கள் நிலையும் அதனின் வேறன்று. அவர்களை ஒரே அசைவு வாட்டுகிறது; உங்களை அசையாமை வாட்டுகிறது. நாற்காலியில் மடங்கிய இடுப்பும், புத்தகத்தின்மேலும் கைப்பேசியின்மேலும் கவிழ்ந்த கழுத்தும் மெல்ல இறுகுகின்றன. ஐந்து முதல் பதினேழு வயதுள்ளோர் சராசரியாக நாள்தோறும் 60 நிமிடம் உடலை நன்கு இயக்க வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாளேனும் தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் வகுத்த நெறி கூறுகிறது. கல்லூரி வயதினருக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கமும், இரண்டு நாளேனும் வலுப்பயிற்சியும் வேண்டும்.

இதற்குப் பொருட்செலவு தேவையில்லை. முதலில் ஐந்து நிமிடம் விரைந்து நடந்து உடம்பைச் சூடேற்றுங்கள். நம் முன்னோர் அறிந்த தண்டாலும் பஸ்கியும் சிறந்த வலுப்பயிற்சிகள். தரையில் தண்டால் எடுக்க இயலாதவர் சுவரில் கை ஊன்றித் தொடங்கலாம். பஸ்கி கடினமாயின், நாற்காலியில் அமர்ந்து கை ஊன்றாமல் எழலாம். பத்து முறை எளிதானபின் பன்னிரண்டு. அதன்பின் புத்தகம் நிறைந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். முடிவில் பின்தொடை, கெண்டைக்கால், மார்பு ஆகியவற்றை மெல்ல நீட்டி ஒவ்வொன்றையும் அரை நிமிடம் நிறுத்துங்கள். நெடுநேர நீட்சிப் பயிற்சியை விளையாட்டுக்குப் பின் வைத்துக்கொள்வதே நன்று. விளையாட்டுக்கு முன் செய்தால் வலு சிறிது நேரம் குறையக்கூடும். மூச்சை அடக்காதீர்கள். மறுநாள் தசை நோவது இயல்பு. இரண்டு மூன்று நாளில் அது தணியும். ஆனால் மூட்டில் குத்தும் வலியோ, காலில் மரப்போ, சிறுநீரை அடக்க இயலாமையோ தோன்றினால் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நடக்க இயலாதாரின் வீட்டுக்கே இயன்முறை மருத்துவர் செல்ல வகை செய்யப்பட்டது. உங்கள் வீட்டு முதியோருக்கு இதனை எடுத்துரையுங்கள்.

இறுதியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். நான் தலைமையாசிரியராக இருந்த ஆண்டுகளில், பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போதெல்லாம் விளையாட்டுப் பாடவேளையை எடுத்துக் கணக்குக்குக் கொடுத்தேன். தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தது, பாராட்டும் கிடைத்தது. என் பழைய மாணவரும் அவ்வாறு கணக்குப் படித்தவர்தாம். தம் இடுப்பை எவ்வாறு மடக்குவது, ஒரு சுமையை எவ்வாறு எடுப்பது என்பதை அவர் பள்ளியில் கற்கவில்லை. நாற்பத்தெட்டாம் வயதில் மருத்துவமனைப் படுக்கையில் கற்றார். நெம்புகோல் விதியை நான் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். அது அவர் முதுகுக்கும் பொருந்தும் என்று சொல்லித் தரவில்லை. அந்தப் பாடவேளைகளை நான் இனி மீட்டுத் தர இயலாது. உங்கள் பள்ளியில் அப்பாடவேளை இருக்குமாயின் அதனை விட்டுவிடாதீர்கள். ஆசிரியர் கேட்டாலும், பணிவோடு, “ஐயா, இதுவும் பாடந்தான்” என்று சொல்லுங்கள்.

ஐம்பதிலும் உடம்பு வளையும், ஐயமில்லை. ஆனால் வலியோடு வளைய வேண்டியிருக்கும். உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.